அரெக்கிப்பா நாட்குறிப்பு: தனி அடுப்பு வைத்திருந்த துறவிகள்

20 ஜூன் 2024, வியாழன்: சாலை மறியலும் வெள்ளைக் கல்லும்

பெரு நாட்டின் குஸ்கோவில் நேற்று இரவு ஏறிய பஸ் இன்று விடியற்காலையில் அரெக்கிப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வழியில் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் பாறாங்கற்களைச் சாலையில் உருட்டிப் போட்டு மறியல் செய்துகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எப்போது நகரும் என்று சொல்ல ஆளில்லை. கழிப்பறைக் கதவையும் பூட்டி வைத்திருந்தார்கள். நம் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் ஓட்டுநரை எழுப்பியிருப்பார்கள். பெருவில் யாரும் குரலை உயர்த்தவில்லை. எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் துணி மூட்டையை அவிழ்த்து, பெரிய மணிகள் கொண்ட அவித்த சோளக் கதிரையும் ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டியையும் எங்கள் மடியில் வைத்துவிட்டு, நன்றியைக்கூட எதிர்பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னுடன் வந்திருப்பது அத்தை. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. திருச்சியில் கன்னியர் நடத்தும் பள்ளியில் வேலை பார்த்தவர், சுத்த சைவம். மச்சு பிச்சுவைப் பார்த்து "படிகள் அதிகம்" என்று மட்டும் சொன்னவர். இந்த நகரத்தைப் பயணத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னதே அவர்தான். நகரத்தின் நடுவில் நானூறு ஆண்டுக்கு மேலாக ஓர் அடைபட்ட மடம் இருக்கிறது, அதற்குள் தெருக்கள் இருக்கின்றன என்று எங்கோ படித்திருக்கிறார். "மடத்துக்குள் தெரு எப்படி வரும்?" என்று குஸ்கோ முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தார்.

குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வில், சுமார் 2,335 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அரெக்கிப்பா. மூச்சு சீராகிவிட்டது, தலைவலியும் போயிற்று. பதிலுக்கு வெயில் பிடித்துக்கொண்டது. இங்கே ஜூன் மாதம் குளிர்காலம். நிழலில் ஸ்வெட்டர் வேண்டும். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் மூக்கு உரிகிறது. பழைய நகரத்தின் சுவரெல்லாம் வெள்ளை வேறு, அடிக்கிற வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கிறது. இது சியார் என்ற கல், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. உளிக்கு எளிதில் இளகும், எடை குறைவு. ஊருக்குப் பின்னால் மிஸ்டி எரிமலை 5,822 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக நிற்கிறது. நில நடுக்கமும் எரிமலையும் இல்லாமல் இந்த ஊரின் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் பேச முடியாது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

விடுதியில் வெந்நீர் உண்டு என்றார்கள். இருந்தது, வாளியின் அடி நனையும் அளவுக்கு. சாப்பாட்டுக் கடையில் சூப், சோறு, ஒரு கூட்டு, பழரசம் எல்லாம் சேர்த்து 12 சோல். நம் கணக்கில் முந்நூறு ரூபாய்க்குள்.

21 ஜூன், வெள்ளி: சாண்டா கத்தலினா

நுழைவுச் சீட்டு ஆளுக்கு நாற்பது சோலுக்கு மேல். வழிகாட்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அத்தை விலையைக் கேட்டதும் நின்றுவிட்டார். ஆயிரம் ரூபாய் கொடுத்து மடம் பார்ப்பதா என்று. பார்த்து முடித்தபோது கதவு சாத்தும் நேரம். காவலர் வந்து எங்களைத் துரத்த வேண்டியிருந்தது.

வாசல் வளைவில் 'சிலென்சியோ' என்று செதுக்கியிருக்கிறார்கள், மௌனம். அதைத் தாண்டியதும் நவகன்னியரின் (துறவுப் பயிற்சியில் இருக்கும் பெண்களின்) முற்றம், பிறகு நாரத்தை மர முற்றம். இரண்டாவது முற்றத்தின் சுவரும் தூணும் கண்ணைப் பறிக்கும் நீலம். வெளியே ஊர் முழுக்க வெள்ளை, உள்ளே காவிச் சிவப்பும் நீலமும். வெள்ளைக் கல்லின் கூசலைத் தணிக்கத்தான் வண்ணம் பூசினார்கள் என்றார் வழிகாட்டி. நேற்று என் மூக்கு பட்ட பாட்டுக்கு இந்த விளக்கம் போதும்.

கதை 1579-இல் தொடங்குகிறது. ஸ்பானியர்கள் ஊரை நிறுவி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. மரியா தே குஸ்மான் என்ற பணக்கார விதவை, பிள்ளையில்லாதவர், தன் சொத்தைக் கொடுத்து மடத்தில் சேர்ந்தார். முதல் தலைவியும் அவரே. சியன்னாவின் புனித கத்தரீனம்மாள் பெயரில், புனித சாமிநாதர் (தொமினிக்கன்) சபையின் பெண்கள் மடம். உள்ளே வந்தவர் வெளியே போவதில்லை. மூன்றே ஆண்டில், 1582-இல், நில நடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியது. 1600-இல் வாய்னாபுத்தினா எரிமலை வெடித்து ஊரைச் சாம்பலால் மூடியது. தென்னமெரிக்காவில் பதிவான வெடிப்புகளிலேயே பெரியது அது. அதன் பிறகும் 1784, 1868 என்று வரிசையாக நில நடுக்கங்கள்.

பொதுப் படுக்கையறை பழுதாகிப்போக, கன்னியரின் குடும்பத்தார் முன்வந்து அவரவர் பெண்ணுக்கு மடத்துக்குள்ளேயே தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அத்தையின் கேள்விக்கு இதுதான் விடை. வீடுகள் பெருகின, வீடுகளுக்கு நடுவே சந்துகள் வந்தன, சந்துகள் தெருவாயின. கோர்தோபா, தொலேதோ, செவில்யா, புர்கோஸ், கிரனாதா என்று ஸ்பெயின் நகரங்களின் பெயர்கள். கட்டட நிபுணர் ஒருவர் உட்கார்ந்து வரைந்த ஊர் அல்ல இது. இடிந்த இடத்தில் காசு உள்ளவர் கட்டிக்கொண்டே போனது. அதனால்தான் ஒரு தெரு நேராகப் போய்ச் சட்டென்று ஒடிகிறது, ஒரு மாடிப்படி எந்த மாடிக்கும் போகாமல் வானத்தில் முடிகிறது. மொத்தம் சுமார் 20,000 சதுர மீட்டர், ஐந்து ஏக்கர். இன்று இதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஒடிசல்களில்தான் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வீடுகளுக்குள் போனோம். முன்னறை, சுவரில் மாடம், ஜெபிக்க ஒரு மூலை. தடித்த சுவரில் குடைந்த வளைவுக்குக் கீழே கட்டில். கூரை விழுந்தாலும் வளைவு நிற்கும், உறங்குகிறவர் பிழைத்துக்கொள்வார் என்பது கணக்கு. ஜன்னல் சிறியது, வெளிச்சம் கூரையில் வெட்டிய துளையிலிருந்து வருகிறது. பின்புறம் சின்ன முற்றம், அதை ஒட்டி அடுப்படி. அடுத்த வீட்டிலும் அடுப்படி. அதற்கடுத்த வீட்டிலும் அடுப்படி, கூடவே ரொட்டி சுடும் மண் சூளை. அதற்கு மேலே ஒரு பரண். வேலைக்காரி படுக்கும் இடம் என்றார் வழிகாட்டி.

அத்தை அங்கேயே நின்றார்.

"துறவு பூண்டு வந்தவளுக்குத் தனி அடுப்பு எதற்கு? எங்கள் பள்ளி மடத்தில் மதர் சுப்பீரியருக்கும் பொதுச் சாப்பாடுதான்."

வழிகாட்டி, இருபத்தைந்து வயதுப் பெண், மெல்லிய ஆங்கிலத்தில் விளக்கினார். சேருவதற்கு வரதட்சணை உண்டு, வெள்ளிக் காசாக எண்ணி வைக்க வேண்டும். முழு வரதட்சணை கொண்டுவந்தவர்களுக்குக் கறுப்பு முக்காடு, வாக்குரிமை. குறைவாகக் கொண்டுவந்தவர்களுக்கு வெள்ளை முக்காடு, வேலை அதிகம். அவர்களுக்கும் கீழே பணிப்பெண்கள். அவர்களுக்கும் கீழே, பெருவில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1854 வரை, விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பினப் பெண்கள். வீட்டை விற்கலாம், வாங்கலாம், அண்ணன் மகளுக்கு எழுதி வைக்கலாம்.

"கடவுளைக் கட்டிக்கொள்ளவும் வரதட்சணையா?" என்றார் அத்தை. இதை நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நிறங்களைப் பற்றித்தான் கேட்பார்களாம்.

பொதுச் சமையலறையும் இருக்கிறது. ஆரம்பத்தில் சிற்றாலயமாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள், கூரை அப்படி உயர்ந்து குவிந்திருக்கிறது. சுவர் முழுக்கப் புகைக்கரி, பளபளவென்று கறுத்து. நீல முற்றத்தைவிட இந்தக் கறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. தொலேதோ தெருவின் முடிவில் துணி துவைக்கும் இடம்: நெடுக வெட்டிய இருபது பெரிய மண்சாடிகள் சரிவில் இரு வரிசையாகக் கிடக்கின்றன. நடுவில் ஓடும் கல்வாய்க்காலில் கையால் அணை வைத்தால் தண்ணீர் பக்கத்துச் சாடிக்குத் திரும்பும். 1770-இல் அமைத்தது. அத்தை கையை வைத்துப் பார்த்தார், காவலர் முறைத்தார்.

பெரிய முற்றத்தில் சுற்றிலும் 32 ஓவியங்கள், மாதாவின் வாழ்வும் இயேசுவின் வாழ்வும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதுவே மறைக்கல்வி. பிணத்தைக் கிடத்தும் அறையில் பதிமூன்று கன்னியரின் முகங்கள். உயிரோடு இருக்கும்போது படம் வரைந்துகொள்ளக் கூடாது என்பது விதி. மூச்சு நின்ற பின் ஓவியரை அழைப்பார்களாம். அதனால் எல்லார் கண்களும் மூடியிருக்கின்றன.

இந்த மடத்தின் புகழ்பெற்ற பெண் சோர் அனா தே லோஸ் ஆங்கேலெஸ் மொந்தேயாகுதோ (1602–1686). மூன்று வயதில் படிக்க வந்தவர், தலைவியானார், ஆடம்பரத்தைக் குறைக்க முயன்றார். சிலர் அவருக்கு விஷம் வைத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். 1985-இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் இதே ஊருக்கு வந்து அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தினார். சோர் அனாவின் அறை சின்னது. அங்கேயும் அடுப்பு இருக்கிறது.

1830-களில் இங்கே வந்து தங்கிய பிரெஞ்சுக்காரி ஃப்ளோரா திரிஸ்தான் (ஓவியர் கோகினின் பாட்டி, தந்தை வழியில் அரெக்கிப்பா உறவு) இந்த மடத்தைக் கலகலப்பான இடமாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். பேச்சு, சிரிப்பு, பாட்டு, நல்ல சாப்பாடு, கந்தல் எதுவும் கண்ணில் படவில்லை. வாசலில் செதுக்கிய 'மௌனம்' அப்போதும் இருந்திருக்கும், யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு 1871-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் ஆணையோடு ஹோசேஃபா கதேனா என்ற கண்டிப்பான கன்னியர் வந்தார். தனிக் குடித்தனம் ஒழிந்தது, வேலைக்காரிகளை அனுப்பிவிட்டார்கள், எல்லாரும் ஒரே அறையில் படுத்து ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். இத்தனை வீடுகளும் ஒரேயடியாகக் காலியாயின. நான் இன்று முழுக்க நடந்த தெருக்களின் அமைதி அந்த ஆண்டுக்குப் பிறகு வந்தது. அது தியானத்தின் அமைதி அல்ல, ஆள் கிளம்பிப் போன வீடுகளின் அமைதி.

1958, 1960 நில நடுக்கங்கள் மறுபடி சேதப்படுத்தின. பழுதுபார்க்கப் பணம் வேண்டியிருந்தது. 1970 ஆகஸ்ட் 15-இல், ஊரின் பிறந்தநாளன்று, பெரும்பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, கன்னியர் ஒரு மூலையில் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். இப்போதும் அங்கே வாழ்கிறார்கள். கடையில் அவர்கள் செய்யும் சோப்பும் இனிப்பும் கிடைக்கின்றன. அத்தை பேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை.

இரவு விடுதிக்குத் திரும்பும்போது எங்களுக்குள் சண்டை. நான் சொன்னேன்: பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் வீடு, அதற்குச் சாவி, சமையல் தன் விருப்பம், படிப்பு, மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைவியைத் தேர்ந்தெடுக்க வாக்கு, இதெல்லாம் மடத்துக்கு வெளியே எங்கே கிடைத்திருக்கும்? கட்டிய கணவனிடம் கிடைத்திருக்குமா?

"அவளுக்குக் கிடைத்தது சரி. பரணில் படுத்தவளுக்கு என்ன கிடைத்தது, அதைச் சொல்" என்றார் அத்தை.

22 ஜூன், சனி: சேசு சபை, லா ரெக்கொலேத்தா, மிளகாய்

காலையில் சதுக்கத்தின் மூலையில் சேசு சபைக் கோயில். 1698 என்று முகப்பிலேயே செதுக்கியிருக்கிறார்கள். சியார் கல்லில் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்: திராட்சைக் கொடி, முகங்கள், பூக்கள், ஒரு சாண் இடம் சும்மா விடவில்லை. உள்ளே புனித இஞ்ஞாசியார் சிற்றாலயத்தின் குவிமாடத்தில் காட்டுப் பறவையும் பழமுமாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். 1767-இல் சேசு சபையாரை ஸ்பெயின் அரசர் வெளியேற்றினார். அவர்களுடைய முற்றங்களில் இப்போது அல்பாக்கா கம்பளிக் கடைகள். ஒரு சால்வை நானூறு சோல் என்றார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆற்றுக்கு அக்கரையில் லா ரெக்கொலேத்தா, 1648-இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவியர் மடம். இங்கே கூட்டமே இல்லை. டிக்கெட் கொடுத்தவர் தானே எழுந்து வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பழைய நூல்கள் உள்ள நூலகம், மேல் வரிசையை எட்ட மாடிப் பலகணி. அறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரு கட்டில், ஒரு மேசை. அத்தைக்கு இது பிடித்தது. "இது மடம்" என்று சான்றிதழ் கொடுத்தார். எனக்கு அரைமணி நேரத்தில் சலித்துவிட்டது. ஒழுங்கான இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மதியம் ஒரு பிக்கான்தெரியா. காரச் சாப்பாட்டுக்கென்றே இந்த ஊரில் உள்ள உணவகம் அது, பெரும்பாலும் பெண்கள் நடத்துகிறார்கள், நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். உட்காருகிறவர் முதலில் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார், எழுந்து போகிறவர் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று எல்லாரையும் வாழ்த்திவிட்டுப் போகிறார். அடுப்படி ஓரமாக ஓர் அம்மாள் பாத்தானில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். நம் அம்மிதான், குழவி மட்டும் பிறைபோல வளைந்து, உருட்டாமல் இரு பக்கமும் ஆட்டி அரைக்கிறார்கள். அத்தை போய்ப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். அத்தை நாலு ஆட்டு ஆட்டியதும் அடுப்படியில் கைதட்டல்.

நான் ரொக்கோத்தோ ரெயேனோ வாங்கினேன். குடைமிளகாய் போலத் தோற்றம், கறுப்பு விதை, வெந்நீரில் பலமுறை ஊறவைத்துக் காரத்தை எடுத்து, உள்ளே கொத்துக்கறி அடைத்து மேலே பாலாடைக்கட்டி. எடுத்த பிறகும் மிச்சம் இருந்த காரத்தில் காது அடைத்தது. பரிமாறிய பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிளகாய் நம் ஊருக்கு வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான் என்பதால் பெரியவர்களிடம் தோற்றதாக எடுத்துக்கொண்டேன். அத்தைக்கு அகல அவரை, சோளம், பாலாடைக்கட்டி, ஆலிவ் கலந்த சொல்தெரித்தோ என்ற சாலட். உப்பும் எலுமிச்சையும் கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார். கருஞ்சோளத்தை முளைகட்டிக் காய்ச்சிய சிச்சா ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில். புளிப்பு, லேசான போதை. அத்தை இரண்டு மடக்கு குடித்தார், இதை ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து 58 சோல்.

வெளியே வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் மரத்தொட்டியில் பனிக்கட்டியை வைத்து கேசோ எலாதோ என்ற ஐஸ்கிரீம் விற்கிறார்கள். பால், தேங்காய், பட்டை. பாலை ஓரமாக உறையவிட்டு ஏடு ஏடாகச் சுரண்டித் தருகிறார்கள். 4 சோல். காது திறந்தது.

23 ஜூன், ஞாயிறு: அதோபோ

ஞாயிறு காலையில் இந்த ஊர் அதோபோ சாப்பிடுகிறது. பன்றிக்கறியை மிளகாய், சிச்சா, வெங்காயத்தில் இரவெல்லாம் ஊறவைத்து மண்சட்டியில் கொதிக்கவிட்ட குழம்பு. மூன்று முனை வைத்த ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். காலை ஏழுக்கே வரிசை. சதுக்கத்திலிருந்து திருப்பலி முடிந்து வந்தவர்கள், விடிய விடிய ஆடிவிட்டு வந்த இளைஞர்கள், எல்லாரும் ஒரே மேசை. அத்தைக்கு வெறும் ரொட்டியும் தேநீரும். தேநீரில் சோம்பு மதுவை ஊற்ற வந்த கடைக்கார அம்மாளிடம் கையால் குவளையை மூடிக் காட்டினார்.

அந்த அம்மாள்தான் தேதியை நினைவுபடுத்தினார். 2001 ஜூன் 23, பிற்பகல், நில நடுக்கம். இதே கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். பேராலயத்தின் கோபுரம் ஒன்று சரிந்து விழுந்ததைச் சத்தமாகத்தான் கேட்டார், புழுதி அடங்கிய பிறகுதான் பார்த்தார். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். சுவரைத் தட்டிக் காட்டினார். அடுப்புக்கும் கூடத்துக்கும் நடுவில் சியார் கல் வளைவு. சாண்டா கத்தலினா கட்டில்களுக்கு மேல் இருப்பது போன்றதே.

அத்தை எழுந்து போய் அந்த வளைவின் கனத்தைக் கையால் சாண் போட்டு அளந்தார். மூன்றரைச் சாண்.

பில்லைக் கொடுத்துவிட்டு மாலை லிமா பஸ்ஸுக்கு இடம் வாங்கப் போனோம். கடற்கரைச் சாலையில் மறியல் இருக்கலாம் என்கிறார்கள். அத்தை ரொட்டி ஆறும் பாலாடைக்கட்டி கால் கிலோவும் வாங்கி வைத்துக்கொண்டார். எதிர் இருக்கையில் யாராவது பசியோடு இருக்கலாமாம்.